பவளத் தொட்டிக்கு எந்தக் கால்சியம் பாதுகாப்பானது? சேலம், ஏற்காடு வீடுகளுக்கான ஒப்பீடு

சேலத்தில் கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவர்கள் குறைவு. அவர்களிடமிருந்து அடிக்கடி வரும் கேள்வி ஒன்று உண்டு. பவளத்துக்குக் கால்சியம் வேண்டும் என்கிறார்கள், பொடியாகவும் திரவமாகவும் பல வகைகள் விற்கிறார்கள், எதை வாங்கினால் தொட்டிக்கு ஆபத்து வராது என்பதே அந்தக் கேள்வி. கடலிலிருந்து வெகு தொலைவில் இருக்கும் நமக்குத் தவறு நேர்ந்தால் வாளியில் கடல்நீர் கொண்டுவந்து சரிசெய்யும் வசதி கிடையாது. ஆகவே எது வேகமாக வேலை செய்கிறது என்பதைவிட, எது கெட்டுப்போனாலும் குறைந்த சேதத்தோடு நிற்கிறது என்பதையே நான் முதலில் பார்ப்பேன். இந்த ஒப்பீடு முழுவதும் அந்த நோக்கில்தான் எழுதப்பட்டிருக்கிறது.

## எதை வைத்து ஒப்பிடுவது

இயற்கைக் கடல்நீரில் கால்சியம் ஏறத்தாழ 420 பி.பி.எம். (லிட்டருக்கு ஏறத்தாழ இத்தனை மில்லிகிராம்), மக்னீசியம் ஏறத்தாழ 1300 பி.பி.எம்., ஆல்கலினிட்டி, அதாவது பெரும்பாலும் நீரில் கரைந்துள்ள பைகார்பனேட், கார்பனேட்டின் அளவு, 7 டி.கே.ஹெச். (அதை அளக்கும் அலகு) அளவில் இருக்கின்றன. வீட்டுத் தொட்டியில் கால்சியம் 400 முதல் 450 வரையிலும், ஆல்கலினிட்டி 7 முதல் 10 வரையிலும், மக்னீசியம் 1250 முதல் 1350 வரையிலும் நிலையாக இருந்தால் போதுமானது. கல்பவளங்களும், பாறையில் ஊதா நிறத்தில் படரும் சுண்ணாம்புப் பாசியும் கால்சியத்தைத் தனியாக எடுப்பதில்லை. கார்பனேட்டோடு சேர்த்தே எடுக்கின்றன. கால்சியம் 20 பி.பி.எம். குறையும்போது ஆல்கலினிட்டி 2.8 டி.கே.ஹெச். குறையும். 420-இல் 20 போனால் பெரிதாகத் தெரியாது, ஆனால் 8-இல் 2.8 போனால் பவளம் வாடிவிடும். எனவே கால்சியத்தை மட்டும் தருகிற எந்தப் பொருளும் பாதித் தீர்வுதான். கூடவே ஆல்கலினிட்டி எங்கிருந்து வரும் என்பதே முதல் அளவுகோல்.

இரண்டாவது அளவுகோல், பழுது நேரும் நாளில் என்ன நடக்கும் என்பது. ஆவியான நீரை ஈடுசெய்யும் குழாயைத் திறந்து மூடும் மிதவை சிக்கிக்கொள்ளலாம், டைமர் தவறலாம், மாதாந்திரப் பராமரிப்பு மின்தடையில் நீரோட்டம் நின்றுபோகலாம். மூன்றாவது, கால்சியத்தோடு கூடவே தொட்டிக்குள் வருவது எது என்பது: உப்பு, உலோக மாசு, கரிமப் பொருள், பாஸ்பேட் என ஒவ்வொரு முறையும் ஒன்றைக் கூட்டி வருகிறது. நான்காவது, வீட்டில் இருப்பவர்களின் பாதுகாப்பு, குறிப்பாகக் குழந்தைகளின் கண்கள். விலை கடைசியில்தான் வருகிறது. பொடியின் விலை சிறியது. அதைச் செலுத்தும் கருவி, சோதனை வில்லைகள், நீர் மாற்றத்துக்கான உப்பு ஆகியவற்றில்தான் பணம் போகிறது.

எதையும் வாங்குமுன் உங்கள் தொட்டி எவ்வளவு சாப்பிடுகிறது என்று அளந்து கொள்ள வேண்டும். நீர் மாற்றாமல், எதையும் சேர்க்காமல், நாள்தோறும் ஒரே நேரத்தில் ஆல்கலினிட்டியைச் சோதித்து ஒரு வாரம் குறித்து வையுங்கள். கால்சியம் சோதனையில் 10 பி.பி.எம். வித்தியாசம் சாதாரணமாகவே வந்துவிடும் என்பதால் தினசரிக் கணக்குக்கு அது உதவாது. ஆல்கலினிட்டிச் சோதனையே நம்பத்தக்கது. தோல்பவளம், காளான் பவளம் போன்ற மென்பவளங்கள் மட்டும் உள்ள தொட்டியில் வீழ்ச்சி மிகக் குறைவாகவே இருக்கும். கல்பவளம் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் மனத்தில் கொள்ள வேண்டும். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் கல்பவளங்கள் அனைத்தும் இடம்பெற்றுள்ளன. மன்னார் வளைகுடாவில் எடுத்த துண்டு என்று யாராவது விற்க வந்தால், அதை வாங்குவதும் வைத்திருப்பதும் குற்றம்.

## நீர் மாற்றம் மட்டும்

பலருக்குத் தேவைப்படுவது இவ்வளவுதான் என்பதால் இதை ஒரு தனி வழியாகவே எடுத்துக்கொள்கிறேன். தரமான கடலுப்பைக் கரைத்த புது நீரில் கால்சியம், ஆல்கலினிட்டி, மக்னீசியம் மூன்றும் உரிய விகிதத்தில் இருக்கின்றன. வாரம் 20 விழுக்காடு மாற்றும் தொட்டியில் புது நீர் 9 டி.கே.ஹெச். என்று கொள்வோம். தொட்டி வாரத்துக்கு 0.4 டி.கே.ஹெச். மட்டும் இழந்தால், நாளடைவில் மாற்றத்துக்கு முந்தைய அளவு 7-இல் வந்து நிற்கும். அது ஏற்கத்தக்கது. வாரத்துக்கு 1 டி.கே.ஹெச். இழக்கும் தொட்டியோ இதே முறையில் 4-க்கு இறங்கிவிடும். அந்த நிலையிலும் கால்சியம் 400-க்குப் பக்கத்தில் நின்று நம்மை நம்பவைக்கும் என்பதுதான் இதிலுள்ள பொறி.

இந்த முறையில் பழுதாக எதுவும் இல்லை, மாசும் இல்லை, குழந்தைகளுக்கு ஆபத்தும் இல்லை. மறைச்செலவு, நீரின் தரம். சேலம் சுற்றுவட்டார ஆழ்துளைக் கிணற்று நீர் கடினமானது. அதிலேயே கால்சியம் இருக்கிறதே என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கால்சியத்தோடு நைட்ரேட்டும் சிலிக்கேட்டும் இன்னும் எதுவும் எந்த அளவில் வருகிறது என்று தெரியாதபோது அதைத் தொட்டியில் விடக்கூடாது. வீட்டு ஆர்.ஓ. கருவியிலும் கவனம் வேண்டும். டி.டி.எஸ். கட்டுப்பாட்டுத் திருகு உள்ள கருவிகள் சுத்திகரிக்காத நீரில் ஒரு பகுதியைக் குடிநீரோடு கலக்கின்றன. சுவைக்கும் உடல்நலத்துக்கும் என்று செம்பு சேர்க்கும் கருவிகள் இப்போது பல வீடுகளில் வந்துவிட்டன. செம்பு மனிதருக்குச் சிறிதளவில் கேடு செய்யாது. பவளத்துக்கும் இறாலுக்கும் நத்தைக்கும் அது நஞ்சு. சவ்வுக்கு அடுத்து, எந்தக் கலப்பும் நடக்குமுன் தனியாக ஒரு குழாய் பிரித்து எடுத்துக்கொள்வதே சரி.

## சுண்ணாம்புத் தெளிநீர்

கால்சியம் ஹைட்ராக்சைடைத் தூய நீரில் கலக்கி, அடியில் படிந்தபின் மேலே நிற்கும் தெளிவை மட்டும் எடுத்து, ஆவியாகும் நீருக்கு ஈடாகச் சொட்டுச் சொட்டாக விடுவது இந்த முறை. கால்சியமும் ஆல்கலினிட்டியும் பவளம் எடுக்கும் அதே விகிதத்தில் கிடைக்கின்றன. பின்னால் சேர்ந்துகொள்ளும் உப்பும் இல்லை. கரைசலின் பி.எச். (அமில, காரத் தன்மையின் அளவு) ஏறத்தாழ 12.4 ஆக, அதாவது கடுங்காரமாக, இருப்பதால் பல உலோக மாசுகளும் மக்னீசியமும் கரையாமல் அடிமண்டியிலேயே தங்கிவிடுகின்றன. அதனால்தான் அடிமண்டியைக் கலக்கவே கூடாது என்று வலியுறுத்துகிறோம். மேலே மெல்லிய ஆடைபோல ஒரு படலம் கட்டும். காற்றிலுள்ள கரியமில வாயு பட்டு உண்டான கால்சியம் கார்பனேட் அது. அது தொட்டிக்குக் கெடுதல் இல்லை. ஆனால் கரைசலின் வலு அந்த அளவுக்குக் குறைந்துவிட்டது என்று அதற்குப் பொருள், ஆகவே பாத்திரத்தை மூடியே வைக்க வேண்டும்.

முழுச் செறிவுள்ள தெளிநீர் ஒரு லிட்டரில் ஏறத்தாழ 800 மில்லிகிராம் கால்சியம் இருக்கும். 100 லிட்டர் தொட்டியில் நாளொன்றுக்கு ஒரு லிட்டர் ஆவியானால், அதற்கு ஈடாகத் தெளிநீரே விடும்போது கால்சியம் 8 பி.பி.எம்., ஆல்கலினிட்டி 1.1 டி.கே.ஹெச். கிடைக்கிறது. சித்திரை வெயிலில் மின்விசிறி ஓடும் சேலத்து வீட்டில் ஆவியாதல் தாராளமாக இருப்பதால் இது பல தொட்டிகளுக்குப் போதும். ஏற்காட்டில் நிலை வேறு. சுமார் 1500 மீட்டர் உயரத்தில், மழைக்காலப் பனிமூட்டத்தில் காற்றே ஈரமாக இருக்கும்போது தொட்டியிலிருந்து போகும் நீர் மிகவும் குறைகிறது. போகாத நீருக்கு ஈடு செய்ய முடியாது. இத்தனைக்கும் குளிருக்குச் சன்னல் மூடிய வீட்டில் கரியமில வாயு தேங்கித் தொட்டியின் பி.எச். இறங்குவதால், அதை உயர்த்தும் தெளிநீர் அங்கேதான் கூடுதலாகத் தேவைப்படும். அந்த இக்கட்டுக்கு நேரான தீர்வு, சன்னலைத் திறந்து வைப்பது அல்லது ஸ்கிம்மரின் (காற்றுக் குமிழ்களால் கழிவை நுரையாகப் பிரிக்கும் கருவி) காற்றுக் குழாயை வெளியே நீட்டுவது.

இதன் ஆபத்து பி.எச். அதிர்ச்சி. மேலே சொன்ன ஒரு லிட்டரை ஒரே மூச்சில் ஊற்றினால் 100 லிட்டர் தொட்டியின் பி.எச். கிட்டத்தட்ட அரை அலகு உயரும். மிதவை சிக்கி முழு வாளியும் இறங்கினால் நீர் பால்போல வெளுத்து, மீனும் பவளமும் சேர்ந்தே போகும். மருந்துக் கடையில் வாங்கும் சலைன் செட்டைக் கொண்டு சொட்டு விடுபவர்கள் நம்மூரில் உண்டு, விலை மலிவு, வேகத்தைத் திருகியே சரிசெய்யலாம். ஆனால் மின்தடை வந்தால் பம்ப் நிற்கும், சொட்டு நிற்காது. அசையாத நீரில் ஒரே இடத்தில் விழும் சுண்ணாம்பு அந்த மூலையில் உள்ளதை எல்லாம் சுட்டுவிடும். ஆகவே பராமரிப்பு மின்தடை அறிவித்த நாளில் குழாயை மூடிவிட்டே வெளியே செல்ல வேண்டும். எந்தக் கருவியை நம்பினாலும், சொட்டும் பாத்திரத்தில் ஒரு நாளைக்கு வேண்டியதற்கு மேல் ஒரு குவளைகூட நிரப்பாதீர்கள். பாத்திரத்தின் கொள்ளளவே உங்கள் கடைசிக் காவல்.

பொடி எங்கிருந்து வாங்குவது என்பதிலும் பாதுகாப்பு அடங்கியிருக்கிறது. பொங்கலுக்கு வெள்ளையடிக்கச் செவ்வாய்ப்பேட்டையில் வாங்கும் சுண்ணாம்பும், வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பும் அடிப்படையில் இதே பொருள்தான் என்றாலும், முதலாவதில் பசையும் நீலமும் கலந்திருக்கலாம், இரண்டாவதில் வாசனையும் நிறமும் சேர்க்கப்பட்டிருக்கலாம். உணவுத் தரம் அல்லது ஆய்வகத் தரம் என்று அச்சிட்ட மூடிய பொட்டலமே வாங்கத் தக்கது. வெற்றிலைச் சுண்ணாம்பு குழந்தையின் கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்று நம் வீடுகளுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. தெளிநீர் பார்ப்பதற்குக் குடிநீர்போலவே இருக்கும் என்பதால் அதைக் குடிநீர்ப் பாட்டிலில் ஒருபோதும் ஊற்றி வைக்காதீர்கள். கண்ணில் பட்டால் ஓடும் நீரில் 15 நிமிடமாவது கழுவிக்கொண்டே இருந்து, உடனே கண் மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

## இருபகுதிக் கரைசல்

ஒரு பாட்டிலில் கால்சியம் குளோரைடு, இன்னொன்றில் சோடியம் பைகார்பனேட் அல்லது சோடியம் கார்பனேட். இரண்டும் ஒன்றாகச் சேர்ந்தால் அப்போதே சுண்ணாம்பாக உறைந்துவிடும் என்பதால், சில நிமிட இடைவெளி விட்டு, நீரோட்டம் பலமாக உள்ள இடத்தில் தனித்தனியே ஊற்ற வேண்டும். ஆவியாதல் எவ்வளவு என்ற கவலை இதில் இல்லை. நாளுக்கு 0.5 டி.கே.ஹெச். உண்ணும் 100 லிட்டர் தொட்டிக்கு நீரேறிய கால்சியம் குளோரைடு 1.3 கிராமும் பைகார்பனேட் 1.5 கிராமும் போதும். இந்தச் சிறு அளவை ஒரு சிரிஞ்சில் கையாலேயே கொடுத்துவிடலாம். பம்ப் வாங்காத வரையில் பழுதாக ஒன்றும் இல்லை. இரட்டிப்பாகக் கொடுத்துவிட்டாலும் தொட்டி தாங்கும். புதிதாகத் தொடங்குபவருக்கு நான் இதைப் பரிந்துரைப்பதற்கு முதற்காரணம் அதுவே.

மறைச்செலவு உப்பில் இருக்கிறது. பவளம் கால்சியத்தையும் கார்பனேட்டையும் எடுத்துக்கொண்ட பிறகு, மீந்த சோடியமும் குளோரைடும் சாதாரண உப்பாகத் தொட்டியில் தங்கிவிடும். நாளுக்கு 1 டி.கே.ஹெச். அளவில் கொடுத்தால் மாதத்துக்கு லிட்டருக்குச் சுமார் 0.6 கிராம் உப்பு கூடுகிறது. அதைத் தூய நீரால் நீர்த்துக்கொண்டே போனால் அடர்த்தி சரியாகத் தெரியும்; ஆனால் மக்னீசியம், பொட்டாசியம், சல்பேட் ஆகியவை மெல்லக் குறைந்துகொண்டே போகும். எனவே இருபகுதிக் கரைசல் நீர் மாற்றத்துக்கு மாற்று ஆகாது, துணை மட்டுமே. மக்னீசியத்தை மாதம் ஒருமுறையாவது அளந்து பார்க்க வேண்டும். அது 1200-க்குக் கீழே போனால், நீங்கள் கொடுக்கும் கால்சியம் பவளத்துக்குப் போகாமல் பம்பின் மேல் வெள்ளையாகப் படியும்.

தரம் இங்கேதான் மிகவும் முக்கியம், ஏனெனில் சுண்ணாம்பைப்போல மாசு அடியில் தங்கும் வசதி இதில் கிடையாது, எல்லாம் கரைந்து தொட்டிக்குள் போய்விடும். சேலத்து ரசாயனக் கடைகள் பெரும்பாலும் ஜவ்வரிசி ஆலைகளுக்கும் சாயப்பட்டறைகளுக்கும் சரக்கு தருபவை. அங்கே மூட்டையில் கிடைக்கும் தொழிற்சாலைத் தரக் கால்சியம் குளோரைடு மலிவாகவே இருக்கும், ஆனால் அது நமக்கு உரியதன்று. பாலைத் திரிக்கப் பயன்படும் 509 என்ற எண்ணுள்ள உணவுத் தரம் வாங்குங்கள். நீர் ஏறாத வகையா, இரண்டு நீர் மூலக்கூறு ஏறிய வகையா என்று பொட்டலத்தில் பார்ப்பதும் அவசியம், 7.3 கிராம் நீரேறிய வகைக்கு நீரேறாத வகையில் 5.5 கிராமே ஈடாகும். கரைக்கும்போது வெப்பம் வெளிப்படும் என்பதால் நீரில் பொடியைச் சிறிது சிறிதாகப் போட வேண்டும், பொடியின் மேல் நீரை ஊற்றக் கூடாது. ஏற்காட்டு அன்பர்களுக்கு ஒரு வார்த்தை: இந்தப் பொடி காற்றின் ஈரத்தை உறிஞ்சும். பனி இறங்கும் மாதத்தில் திறந்த பொட்டலத்தை ஓர் இரவு விட்டால் செதில்கள் ஒட்டிக்கொண்டு, விளிம்பில் நீர் கோத்து நிற்பதைக் காலையில் காணலாம். அதன் பிறகு எடை பார்த்து அளப்பதில் பொருளே இல்லை. வாங்கிய அன்றே முழுவதையும் அளந்து கரைத்துக் கரைசலாக வைத்துக்கொள்வதே அங்கே ஏற்றது.

பைகார்பனேட் பகுதிக்குச் சமையல் சோடா போதும். பேக்கிங் பவுடர் வேறு பொருள், அதில் அமில உப்பும் மாவும் இருப்பதால் அதைத் தொடக்கூடாது. சலவை சோடாவில் வாசனையும் நுரைப்பொருளும் கலந்திருக்கலாம். பி.எச். குறைவாக உள்ள வீட்டில் சமையல் சோடாவுக்குப் பதில் ஆய்வகத் தரச் சோடியம் கார்பனேட் பயன்படுத்தினால் பி.எச்.சும் சற்று உயரும்.

## ஒரே பாட்டில் கரைசல்கள்

கால்சியம் ஃபார்மேட் அடிப்படையில் வரும் இவற்றில் கால்சியமும் ஆல்கலினிட்டியும் ஒரே திரவத்தில் அடங்கியிருக்கின்றன. உப்பு சேர்வதில்லை, கலந்தால் உறைவதுமில்லை. தொட்டியின் பாக்டீரியாக்கள் ஃபார்மேட்டை உண்டு பைகார்பனேட்டாக மாற்றித் தருகின்றன. இதில் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். மாற்றத்துக்கு நேரம் ஆகும் என்பதால், கொடுத்த உடனே சோதித்துப் பார்த்து ஆல்கலினிட்டி ஏறவில்லை என்று மீண்டும் ஊற்றுபவர் மறுநாள் அளவு மீறியிருக்கக் காண்பார். அடுத்தது, பாக்டீரியாக்கள் இந்த வேலைக்கு ஆக்சிஜனைச் செலவழிக்கின்றன. ஏற்காட்டு உயரத்தில் காற்றழுத்தம் குறைவானதால், ஒரே வெப்பநிலையில் நீர் பிடித்துவைக்கும் ஆக்சிஜன் சமவெளியைவிட ஏறத்தாழ 15 விழுக்காடு குறைவு. அதிக மீன்கள் உள்ள தொட்டியில், இரவில், மின்தடையின்போது இது பொருட்படுத்த வேண்டிய வித்தியாசம். நல்ல ஸ்கிம்மரும் மின்கலத்தில் ஓடும் காற்றுப் பம்பும் இருப்பவர்கள் தயங்காமல் பயன்படுத்தலாம். விலை கூடுதல்தான். ஆனால் அடிக்கடி வெளியூர் செல்பவர், தொட்டியை வீட்டில் உள்ள மற்றவரிடம் ஒப்படைத்துவிட்டுப் போக வேண்டியவர், ஒரே பாட்டில், ஒரே அளவு என்ற எளிமைக்காக அந்த விலையைக் கொடுப்பது நியாயமே.

குளூக்கோனேட் வகைத் திரவங்கள் கால்சியத்துக்காக விற்கப்படுபவை. பாக்டீரியாவுக்குத் தீனியாகும் கரிமப் பொருள் கூடவே வருவதால் நான் இவற்றைச் சேர்த்துக்கொள்வதில்லை.

## கால்சியம் ரியாக்டர்

பவளத் துண்டுகள் நிரம்பிய குழாயில் கரியமில வாயுவைச் செலுத்திக் கரைத்து விடும் கருவி இது. பல நூறு லிட்டர் தொட்டியில் கல்பவளங்கள் நெருங்கி வளரும்போதுதான் அதன் விலைக்கு நியாயம் உண்டு. தொட்டியின் பி.எச்.சை இறக்கும், துண்டுகளில் பாஸ்பேட் இருந்தால் அதுவும் கரைந்து வரும், அழுத்தச் சிலிண்டர் வீட்டுக்குள் நிற்கும். 200 லிட்டருக்குக் கீழ் உள்ள எந்தத் தொட்டிக்கும் இதை நான் சொல்ல மாட்டேன்.

## அளவுகள் பக்கத்தில் பக்கத்தில்

100 லிட்டர் நீரில் கால்சியத்தை 20 பி.பி.எம்., ஆல்கலினிட்டியை 2.8 டி.கே.ஹெச். உயர்த்த வேண்டியவை இவை. இது ஒப்பீட்டுக்கான கணக்கு; ஒரே நாளில் கொடுக்கும் அளவன்று. நாளொன்றுக்கு 1 டி.கே.ஹெச்.சுக்கு மேல் உயர்த்தாமல் இருப்பதே பாதுகாப்பு.

| வழி | வேண்டிய அளவு | கூடவே வருவது | பழுதானால் |
|---|---|---|---|
| சுண்ணாம்புத் தெளிநீர் | 2.5 லிட்டர் | எதுவுமில்லை, பி.எச். உயரும் | பி.எச். அதிர்ச்சி, மிகக் கடுமை |
| இருபகுதி | நீரேறிய கால்சியம் குளோரைடு 7.3 கிராம், பைகார்பனேட் 8.4 கிராம் | சாதாரண உப்பு 5.8 கிராம் | கையால் கொடுத்தால் சிறிது |
| ஃபார்மேட் | தூய பொருளாக 6.5 கிராம் | பாக்டீரியாப் பெருக்கம் | ஆக்சிஜன் குறைவு, நீர் கலங்கல் |

## வாங்கவே கூடாதவை

மருந்துக் கடைக் கால்சியம் மாத்திரையில் வைட்டமினும் நிறமும் பிணைப்புப் பசையும் இருக்கின்றன. அதிலுள்ள கால்சியம் கார்பனேட்டோ தொட்டியின் பி.எச்.சில் கரைவதே இல்லை. முட்டை ஓடும் கிளிஞ்சல் தூளும் கரையாதது இதே காரணத்தால்தான். தோட்டத்துக்கு வாங்கும் கால்சியம் நைட்ரேட் நன்றாகக் கரையும், கூடவே நைட்ரேட்டைக் குவித்துப் பாசியை வளர்க்கும். எல்லாவற்றையும்விட அஞ்ச வேண்டியது பிளீச்சிங் பவுடர். அதுவும் வெள்ளைப் பொடி, அதன் பெயரிலும் கால்சியம் உண்டு, சுண்ணாம்பு இருக்கும் அலமாரியிலேயே பல வீடுகளில் அதுவும் இருக்கும். ஒரு தேக்கரண்டி தொட்டியில் விழுந்தால் ஒன்றும் மிஞ்சாது. தொட்டிப் பொருள்களுக்குத் தனிப் பெட்டியும், தமிழில் பெரிதாக எழுதிய ஒட்டுச் சீட்டும் கட்டாயம் வேண்டும்.

## ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது

பவளங்கள் பெருகப் பெருக, நீர் மாற்றத்தில் தொடங்கியவர் இருபகுதிக்கும், அங்கிருந்து இரவில் தெளிநீர், பகலில் இருபகுதி என்ற கலப்புக்கும் போவது வழக்கம். சமவெளியில் இந்தக் கலப்பு நன்றாகவே பொருந்துகிறது: இரவில் இயல்பாக இறங்கும் பி.எச்.சைத் தெளிநீர் தாங்குகிறது, மிச்சத் தேவையை இருபகுதி நிரப்புகிறது, உப்புச் சேர்வதும் குறைகிறது. ஆவியாதல் குறைந்த ஏற்காட்டில் விகிதம் தலைகீழாகும்: பெரும்பங்கு இருபகுதியாகவும் தெளிநீர் சிறிதளவாகவும் இருக்கும். எந்த மாற்றமானாலும் பழைய முறையின் அளவைப் பாதியாக்கி, புதியதைப் பாதி அளவில் தொடங்கி, விளக்கு எரியத் தொடங்குமுன் ஒரே நேரத்தில் ஆல்கலினிட்டியை நாள்தோறும் ஒரு வாரம் அளந்து பாருங்கள். அளவு 0.5 டி.கே.ஹெச்.சுக்குள் நின்றால் மீதிப் பாதியையும் மாற்றலாம். ஏறிக்கொண்டே போனால் கொடுப்பதை ஒரு நாள் நிறுத்துங்கள், இறக்குவதற்கென்று எதையும் ஊற்றாதீர்கள், பவளமே அதை எடுத்துக்கொள்ளும்.